ஆறாவது ஜாப் கார்டு

கந்தவேல் ஆறாவது முறையாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும், பிரிசில்லா கம்ப்யூட்டரில் எதையோ தேடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அந்தக் கார் சர்வீஸ் சென்டரில் அவளுக்கு எட்டு வருஷமாக அட்வைசர் வேலை. வண்டிக்காரர்கள் சொல்லும் குறையைக் கேட்டு ஜாப் கார்டில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் விளக்கம் சொல்லி வண்டியை ஒப்படைக்க வேண்டும். கத்துகிறவர்களைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும். ஒரு டீ கொடுத்து மேனேஜர் அறையில் உட்கார வைத்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும். கந்தவேல் கத்துகிறவர் இல்லை. பெருமாநல்லூரில் சின்னதாகப் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு முறையும் செருப்பை வாசலில் விடலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"வாங்க சார். மறுபடியும் அதேங்களா?"

"அதேதானுங்க அம்மிணி. முந்தாநேத்து பல்லடம் ரோட்டுல. என்ர சம்சாரம் கொமரலிங்கத்துல அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டு வந்தாங்க. கூட பேரனும் இருந்தான். நல்லா போயிட்டிருந்த வண்டி, மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்துதுங்க, வண்டி நகரலீங்க. பின்னால வந்த பஸ்ஸு ஒடிச்சுத் திருப்பிட்டுப் போயிட்டான். இல்லீன்னா..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனி அந்த வண்டியில உக்காரவே மாட்டேங்குறாங்க."

அது ஆட்டோமேட்டிக் கியர் வைத்த செடான். வெயில் நாளில் நெரிசலில் மெதுவாக ஊர்ந்துவிட்டு வேகம் எடுத்தால், சில நேரம் கியர்பாக்ஸ் பிடியை விட்டுவிடும். பத்து நிமிஷம் அணைத்து வைத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் ஒரு பழுதும் காட்டாது. இதே குறையோடு பதினொரு வண்டிகள் வந்துபோவது பிரிசில்லாவுக்குத் தெரியும். மேனேஜர் சுரேஷுக்கும் தெரியும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஸ்கேனரில் பழுது காட்டாத வண்டிகளுக்கு ஒரே வாசகத்தைத்தான் எழுத வேண்டும்: 'வாடிக்கையாளர் லேசான அதிர்வு இருப்பதாக உணர்கிறார். சோதித்ததில் குறை எதுவும் இல்லை.'

கந்தவேலின் ஐந்து கார்டுகளிலும் அவள் அதையே எழுதியிருந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க வேணும்" என்றார் அவர். "வண்டி நடு ரோட்டுல நின்னுச்சுன்னு எழுதிக் குடுங்க. அதிர்வுன்னு நான் ஒரு நாளும் சொல்லலீங்களே."

"சார், ஸ்கேனர்ல வராம..."

"அப்ப நீங்களே ஒருக்கா ஓட்டிப் பாருங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். நிக்கலீன்னா இனி வரவே மாட்டேனுங்க."

"வித்துட்டு வேற எடுத்துக்கலாமே சார்?" இதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்ட பிறகுதான் தோன்றியது.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வாங்கறவன் ஊட்டுலயும் பேரன் பேத்தி இருக்கும்லங்க?"

பிரிசில்லா சாவியை வாங்கிக்கொண்டாள்.

மெக்கானிக் முனீஸ் ஸ்கேனரை எடுத்து வந்து வண்டியில் மாட்டிவிட்டான். விருதுநகர்ப் பக்கத்துக்காரன், நாற்பது வயது, பேச்சைக் குறைத்துக்கொள்ளத் தெரியாதவன். கந்தவேல் அந்தப் பக்கம் ஏறும்போது அவள் காதருகே குனிந்தான். "யக்கா, நல்லா சூடேறட்டும். அவிநாசிக்குள்ள போயி நெரிசல்ல உருட்டிட்டு வாங்க. அப்பத்தான் அது வேலையக் காட்டும். சூதானமா போங்க."

மணி பன்னிரண்டரை. ஏப்ரல் வெயில். பெருமாநல்லூர் போய் பைபாஸ் ஏறி அவிநாசி வரைக்கும் வண்டி வெண்ணெய்போல ஓடியது. கந்தவேல் முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சைக்கு மகனைக் கொண்டுவந்து விட்டவர்போல இருந்தது அவர் முகம். அவிநாசிக் கடைவீதியில் இருபது நிமிஷம் ஊர்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. நிற்காமலே போய்விட்டால் நல்லது என்று பிரிசில்லா நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

திரும்பும்போது சர்வீஸ் ரோட்டிலிருந்து பைபாஸுக்குள் ஏறுகிற இடத்தில் அவள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். இன்ஜின் உறுமியது. வண்டி வேகம் எடுப்பதற்குப் பதில் தளர்ந்தது. இன்னும் அழுத்தினாள். உறுமல் அலறலாக மாறியது. நாற்பது, முப்பது, பன்னிரண்டு என்று முள் இறங்கி, வண்டி நின்றுவிட்டது. வண்டியின் பாதி பைபாஸில், பாதி ஏறுகிற பாதையில்.

பின்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தம் கேட்டது. கண்ணாடி முழுக்க லாரியின் முகம் நிறைந்தது. பிரிசில்லா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒன்றும் மோதவில்லை. கண்ணைத் திறந்தபோது லாரி பின்கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது.

"எறங்கிரலாங்க" என்றார் கந்தவேல். அவர் பக்கத்துக் கதவு நான்கு விரல் அகலம் திறந்து, சாலையோரத்து இரும்புத் தடுப்பில் இடித்து நின்றது. அவள் பக்கத்தில் வண்டிகள் கதவை உரசிக்கொண்டு பறந்தன. ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் கார் குலுங்கியது. அவள் கதவின் கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. இன்ஜின் அணைந்து ஏசியும் நின்றிருந்தது. இறக்கிய ஜன்னல் வழியாகப் புழுதியும் ஹாரன் சத்தமும் மட்டும் வந்தன. ஸ்டார்ட் செய்தாள், இன்ஜின் உயிரோடு இருந்தது. கியரைப் போட்டாள், பிடிக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது அவளுக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"அணைச்சு வெச்சுருங்க அம்மிணி. பயப்படாதீங்க. கொஞ்ச நேரத்துல எடுத்துக்கும்" என்றார் கந்தவேல். அவர் குரல் நடுங்கவில்லை. இதற்குப் பழகியவர் குரல் அது. அதுதான் அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

ஒன்பது நிமிஷம். பிறகு கியர் பிடித்தது. ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி நகர்ந்தது.

சர்வீஸ் சென்டரில் முனீஸ் ஸ்கேனரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஒண்ணுமே ஏறல யக்கா. சுத்தமா இருக்கு."

சுரேஷ் அவளை அறைக்குள் கூப்பிட்டார். "ஸ்கேனர் கிளியர். வழக்கமா எழுதறதை எழுதிக் குடுத்து அனுப்பிச்சுருங்க."

"சார், நான் ஓட்டினேன். நின்னுருச்சு. லாரி அடிச்சிருக்கும்."

"நின்னுச்சுன்னு எழுதினா அது சேஃப்டி கம்ப்ளைன்ட் ஆயிரும் பிரிசில்லா. சென்னையில இருந்து ஆள் வருவாங்க, நம்மளை நோண்டுவாங்க. எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. உங்க ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இங்கதான் இருக்குது, ஞாபகம் வெச்சுக்குங்க. நான் மிரட்டலை. சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை என்பது உண்மைதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து டிப்ளமோ வரைக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். போன வருஷம் கோயம்புத்தூரில் வேறொரு வேலை கிடைத்தபோது அவள் அவற்றைக் கேட்டாள். நோட்டீஸ் காலம், மாற்று ஆள், அடுத்த மாதம் என்று சொல்லியே அந்த வேலை போய்விட்டது.

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். கந்தவேல் எதிரே உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த டீ ஆறிப் போயிருந்தது. காகிதக் கார்டில் குறை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. பேனா முனையைக் கட்டத்தின் மேல் வைத்தாள். அதிர்வு என்ற சொல்லின் முதல் எழுத்தைப் போடக்கூட கை வரவில்லை. அந்த ஒன்பது நிமிஷத்தில் இந்தப் பெரிய மனிதர் அவளுக்குத்தான் தைரியம் சொன்னார்.

எழுதினாள்: 'இன்று மதியம் அவிநாசி பைபாஸில் வண்டி கியர் பிடிக்காமல் நின்றுவிட்டது. ஒன்பது நிமிடம் நகரவில்லை. ஓட்டியது நான்.' கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, வாடிக்கையாளர் பிரதியைக் கிழித்துக் கொடுத்தாள்.

கந்தவேல் அதை இரண்டு முறை படித்தார். "உங்களுக்குத் தொந்தரவு வராதுங்களே?"

"வரும் சார். நீங்க போங்க."

சாயங்காலமே கம்ப்யூட்டரில் சுரேஷ் பழைய வாசகத்தைப் பதிந்துவிட்டார். மறுநாள் அவளுடைய மேஜை வேறொருவருக்குப் போனது. அவளை வண்டி கழுவுகிற இடத்தில், எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று குறிக்கும் வேலைக்கு அனுப்பினார்கள். காலையிலிருந்து மாலை வரை ஈரத் தரை, தண்ணீர் பீய்ச்சும் மோட்டார் சத்தம். ராஜினாமா கொடுக்கலாம். கொடுத்துவிட்டு எங்கே போவது? சான்றிதழ் இல்லாமல் யாரும் சேர்க்கமாட்டார்கள். திருப்பூரில் இருக்கிற கார் கம்பெனி மேனேஜர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறவர்கள்.

மூன்று வாரம் கழித்து கந்தவேல் போன் செய்தார்.

"அம்மிணி, கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தனுங்க. சென்னையில இருந்து இன்ஜினியர் வந்திருந்தாருங்க. கியர்பாக்ஸைப் புதுசா மாத்தித் தர்றாங்களாம். ஆனா நீங்க எழுதிக் குடுத்த சீட்டைத் திருப்பிக் குடுக்கோணுமாம். எந்தக் குறையும் இல்லீன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்தும் போடோணுமாம். சீட்டுல உங்க பேரு இருக்குதுங்க. அதனால உங்களைக் கேக்காம முடியாதுங்க. குடுத்துரட்டுங்களா?"

அந்தச் சீட்டு போய்விட்டால் தான் எழுதியதற்கு ஆதாரம் இல்லை. பழைய மேஜை திரும்பக் கிடைக்கலாம். சுரேஷும் அதை ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

"குடுத்துருங்க சார்" என்றாள். "உங்களுக்கு வண்டி செரியானாப் போதும்."

"செரிங்க அம்மிணி."

மறுநாள் காலை ஒரு பெண் அதே மாடல் வண்டியில் வந்தாள். ஏழு மாத வயிறு. மைதிலி என்று பெயர், எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். வண்டி கழுவி வரும்வரை நிழலுக்காகப் பிரிசில்லாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க்கா, ரெண்டு தடவை நடு ரோட்டுல நின்னுருச்சுங்க. இங்க சொன்னா லேசான அதிர்வுன்னு எழுதிக் குடுக்கறாங்க. நானாத்தான் பயந்துக்கறனா? எங்க ஊட்டுக்காரரே, வயித்துப் புள்ளைக்காரிக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்ங்கிறாரு."

பிரிசில்லா எழுந்தாள். மோட்டார் அறைக்குப் பின்னால் போய் நின்று கந்தவேலுக்குப் போன் போட்டாள்.

"சார், குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க அம்மிணி. கையெழுத்துப் போடத்தான் உக்காந்தேன். 'குறை எதுவும் இல்லை'ன்னு படிச்சனா, பேனா ஓடலீங்க. எந்திரிச்சு வந்துட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ராத்திரியெல்லாம் யோசனை."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணீர் வந்தது நிம்மதியாலா பயத்தாலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நல்லதுங்கண்ணா. குடுக்காதீங்க" என்றாள். சார் என்று சொல்ல மறந்துபோயிருந்தது.

கந்தவேல் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு முறை வாய்தா வாங்கினார். மூன்றாம் முறை பிரிசில்லாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். சுரேஷ் லீவு தரவில்லை, அவள் போனாள்.

வக்கீல் கேட்டார்: "நீங்க இன்ஜினியரா?"

"இல்லீங்க. டிப்ளமோ படிச்சிருக்கேன்."

"கியர்பாக்ஸ்ல என்ன கோளாறுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"ஸ்கேனர்லயும் ஒண்ணும் இல்லை. அப்புறம் எந்த அடிப்படையில எழுதினீங்க?"

"எதனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. நின்னுச்சுன்னு தெரியுங்க. நான் உள்ள உக்காந்திருந்தேன்."

கம்பெனி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும் என்று டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. கந்தவேலின் கார் இப்போதும் அவர் யூனிட்டுக்குப் பின்னால் பனியன் துணி போர்த்தி நிற்கிறது. அவர் துணி ஏற்றும் வேனில்தான் போய்வருகிறார். தன் சான்றிதழ்களுக்காகப் பிரிசில்லா தொழிலாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். விசாரணைக்கு நாள் குறிக்கவில்லை. அதுவரை காலை ஒன்பது மணிக்கு அதே கேட் வழியாக உள்ளே போய், அதே ஈரத் தரையில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள்.

அதே குறை வரும் வண்டிக்காரர்கள் மட்டும் எப்படியோ விசாரித்துக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். கார்டில் எழுத அவளுக்கு அதிகாரம் இல்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "நீங்களே உங்க கையால எழுதுங்க. எங்க நின்னுச்சு, எத்தனை மணிக்கு, வண்டியில யார் யார் இருந்தாங்க, எல்லாம் எழுதுங்க. ரெண்டு காப்பி. உள்ள குடுத்து, ஒண்ணுல சீல் வாங்காம எந்திரிக்காதீங்க" என்கிறாள்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே அப்படி முதலில் எழுத வந்தவள் மைதிலி. அப்போது குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு எழுத முடியவில்லை. பிரிசில்லா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மோட்டார் சத்தத்தில் அது முழித்துவிடாமல் இருக்க முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். மைதிலி இரண்டு பக்கம் நிறைய எழுதினாள்.