பூட்டுப் போட்ட பாட்டு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டோங்காத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் மாங்கெரே தேவாலயக் கூடத்தில் பாடகர் குழு பயிற்சிக்கு உட்கார்ந்திருந்தது. டேப்லெட் வைத்திருந்தவர்கள் முன்வரிசையிலும் கைபேசி வைத்திருந்தவர்கள் பின்வரிசையிலும் இருந்தார்கள். எல்லாமே வெல்டோரா. வேறு கம்பெனிக் கருவி ஒன்றுகூடக் கூடத்துக்குள் கிடையாது. பாட்டு வாத்தியார் செமிசி போட்ட சட்டம் அது.

செமிசி, துக்கத்துக்கு அவர்கள் வழக்கப்படி உடைமேல் சுற்றும் ஓலைப் பாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கையை உயர்த்தினார். "ரெண்டாவது சரணம். எல்லாரும் திறங்க."

எல்லோரும் திரையைத் தொட்டார்கள். சுரங்களுக்குப் பதிலாக எழுதும் பாட்டின் எண்கள் வரிசையாக நிற்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து நின்றது.

"வாத்தியாரே, என்னோடது பூட்டிக்கிச்சு."

"எனக்கும் அதேதான்."

"எனக்குச் சார்ஜ் இல்லையோன்னு நெனச்சேன்!"

செமிசி தன் டேப்லெட்டைப் பார்த்தார். அதிலும் பூட்டு. கீழே மரியாதையாக ஒரு வரி இருந்தது: 'இந்தப் பக்கங்களின் உரிமையாளருடைய கணக்கு செயல்பாட்டில் இல்லை. உரிமையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்.'

உரிமையாளர் கலோலைனி. செமிசியின் மனைவி. அவள் மாங்கெரே கல்லறைத் தோட்டத்தில் படுத்து மூன்று மாதமாகிறது. அவளை எந்த எண்ணில் தொடர்புகொள்வது என்று கம்பெனி சொல்லவில்லை.

வரும் ஞாயிறு தேவாலயத்துக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. டோங்காவிலிருந்து முதல் குடும்பங்கள் வந்திறங்கியது, கோழிப் பண்ணைக் கொட்டகையில் கூடி ஜெபித்தது, இந்தக் கூடத்தைக் கட்டியது எல்லாவற்றையும் வைத்து கலோலைனி ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். நாலு குரலுக்கான பெரிய பாட்டு. அதை முடித்த கையோடு நோயில் விழுந்தாள், எழவில்லை. அவளை விழாவில் பாட வைக்க இனி அந்தப் பாட்டு ஒன்றுதான் வழி என்று செமிசி பிடிவாதமாக இருந்தார். முதல் துக்க நாட்கள் கழிந்து இப்போதுதான் பயிற்சி தொடங்கியிருந்தது. முதல் சரணம் எல்லோருக்கும் வாயில் ஏறிவிட்டது. மீதி திரையில் இருந்தது. திரையில் இருக்கும்போது மனப்பாடம் எதற்கு என்று யாரும் மெனக்கெடவில்லை.

போன வாரம்தான் செமிசி அவளுடைய வங்கி அட்டையை ரத்து செய்தார். மாதாமாதம் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த சந்தா அதோடு நின்றது. சந்தா நின்றதும் கணக்கு மூடியது, கணக்கு மூடியதும் அவள் மற்றவர்களுக்குப் பகிர்ந்த பக்கமெல்லாம் ஒரே நேரத்தில் எல்லார் மடியிலும் பூட்டிக்கொண்டது. அச்சில் ஒரு பிரதியும் இல்லை. அச்சிடுவதற்கும் வெல்டோராவின் சொந்த எந்திரம்தான் வேண்டும் என்பதால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்தச் சங்கடத்துக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவர் செமிசியேதான், அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் இந்தக் கூடத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. கலோலைனி அதில் சாக்பீஸால் எண்களை எழுதுவாள். யார் வந்தாலும் பார்த்துப் பாடலாம். இரண்டு வருஷம் முன்பு செமிசி முதல் வெல்டோராவை வாங்கினார். பொருள் என்னவோ அருமையான பொருள்தான். தொட்டால் வழுக்கியது, பாட்டுப் போட்டால் சத்தம் மணி மணியாக வந்தது. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. பலகையைத் தூக்கிக் கூடத்து அடுப்படியில் போட்டார். "காகிதமெல்லாம் மீன் வறுவல் கட்டிக் குடுக்கத்தான்" என்று கேலி செய்தார். குழுவுக்கு வெல்டோராவிலேயே ஒரு அரட்டைக் குரூப் தொடங்கினார்.

அந்தக் குரூப்புக்குள் வேறு கம்பெனிக் கைபேசி வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். படம் மங்கும், குரல் பதிவு வந்து சேராது. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் மொசேசே, குழுவிலேயே கனத்த குரல்காரர், பழைய மலிவான கைபேசிதான் வைத்திருந்தார்.

"மொசேசே, உன் ஒருத்தன் போனால அறுபது பேருக்குத் தொல்லை. நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா, அப்புறம் பாடலாம்."

"வாத்தியாரே, நான் பாடறது தொண்டையால. போனால இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சட்டம் மட்டும் மாறவில்லை. மொசேசே, லவினியா, இன்னும் சில பேர் வாங்க முடியாமலும் வாங்கப் பிடிக்காமலும் வெளியே நின்றார்கள். பயிற்சி நாளில் அவர்களுக்குத் தேநீர் போடுகிற வேலை கொடுக்கப்பட்டது. 'அடுப்படிக் கோஷ்டி' என்று செமிசிதான் பெயர் வைத்தார். "பாட்டு எல்லாருக்கும்தானேப்பா" என்று கலோலைனி சொல்லிப் பார்த்தாள். "காலத்தோட போகணும் கலோ" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் செமிசி கம்பெனிக்குப் போன் போட்டபடி இருந்தார். எந்திரக் குரல்களையெல்லாம் தாண்டி ஒரு பெண் கிடைத்தாள்.

"கணக்கோட சொந்தக்காரர்தான் பேசணும் சார்."

"அவ செத்துப் போய்ட்டாம்மா."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். அப்ப அவங்களோட இன்னொரு வெல்டோராவுல இருந்து ரகசிய எண்ணைப் போட்டு உறுதிப்படுத்தச் சொல்லுங்க."

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார் செமிசி. ரகசிய எண் அவருக்குத் தெரியாது. சான்றிதழ்கள் அனுப்பலாம், பரிசீலிக்கப் பல வாரமாகும் என்றாள் அந்தப் பெண். விழா ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிக்கிழமை அவர் குரூப்பில் ஒரு செய்தி போட்டார்: 'நாளைக் காலை டவுனில் இருக்கிற வெல்டோரா கடைக்குப் போகிறோம். பாய் எடுத்து வாருங்கள். பாட்டைக் கொடுக்கிறவரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை.' டோங்கா ஜனங்கள் எங்கே உட்கார்ந்தாலும் சாப்பாடு வேண்டும். அதனால் யாரோ லவினியாவுக்குப் போன் செய்து, நாளை மத்தியானம் அறுபது பேருக்குச் சாப்பாடு, இன்ன தெரு, இன்ன கடை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள்.

கடை முழுக்கக் கண்ணாடி. சனிக்கிழமைக் கூட்டம் வேறு. அதற்கு நடுவே கறுப்புடையில், இடுப்பில் பாய் கட்டிய அறுபது பேர் நுழைந்து, பளபளவென்றிருந்த தரையில் ஓலைப் பாய்களை விரித்துச் சம்மணம் போட்டார்கள். வாசலில் நின்ற காவலாளி டோங்காவுக்கு அடுத்த சமோவாத் தீவுக்காரன், தடுக்கவில்லை. தன் அத்தை யாராவது கூட்டத்தில் இருக்கிறாளா என்று தேடிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டான்.

மேலாளர் கேலம் ஓடி வந்தான். சின்ன வயசு, நல்ல பையன், காலில் வெள்ளை ஷூ. "சார், வரிசையில வந்தா ஒவ்வொருத்தருக்கா உதவி பண்றேன்."

"எல்லாருக்கும் ஒரே உதவிதான் தம்பி. என் பொண்டாட்டி எழுதின பாட்டைத் திறந்து குடு."

"அது அவங்க கணக்கு சார். எங்களாலகூட உள்ள பார்க்க முடியாது. எல்லாம் உங்க பாதுகாப்புக்காகத்தான்."

"யார்கிட்ட இருந்து பாதுகாப்பு? என்கிட்ட இருந்தா?"

கேலம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். "சந்தாவை அவங்களே புதுப்பிச்சிருந்தா..."

"கல்லறைக்குப் போய்ச் சொல்லிட்டு வா. அவ நல்லவ, மறுக்க மாட்டா."

கூட்டம் சிரித்தது. வாங்க வந்தவர்களும் சிரித்தார்கள். செமிசி சிரிக்கவில்லை. கையை உயர்த்தினார். முதல் சரணம் கிளம்பியது. கண்ணாடிச் சுவர் அதிர, தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். கேலம்கூட வாயைத் திறந்தபடி நின்றான். சரணம் முடிந்தது. செமிசியின் கை அடுத்த சரணத்துக்கு எழுந்து, அந்தரத்தில் நின்றது. யாரிடமும் எதுவும் இல்லை. அறுபது பேரும் பழக்கதோஷத்தில் மடியைப் பார்த்தார்கள். மடியில் பூட்டு இருந்தது.

அவமானம் என்றால் அதுதான் அவமானம். கேட்க வந்த இடத்தில், மறுத்தவனுக்கு எதிரிலேயே, தங்கள் பாட்டு தங்களுக்குத் தெரியவில்லை. செமிசியின் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு அடுப்படிக் கோஷ்டி வந்தது. மொசேசே கையில் பெரிய தட்டு. சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பாலும் ஆட்டுக்கறியும் வைத்துச் சுட்ட பொட்டலங்கள். லவினியா கையில் தர்பூசணிப் பானக வாளி.

"ஏன் நிறுத்திட்டீங்க? தெரு முனை வரைக்கும் நல்லாக் கேட்டுதே" என்றார் மொசேசே.

முன்வரிசைப் பெண் ஒருத்தி சொன்னாள்: "பாட்டு பூட்டிக்கிச்சு மாமா. அதைக் கேட்டுத்தான் வந்திருக்கோம்."

"எந்தப் பாட்டு?"

"கலோலைனி அக்கா பாட்டு."

"அது எப்படிப் பூட்டும்?"

மொசேசே தட்டை வெல்டோரா மேஜை மேல், விற்பனைக் கைபேசிகளுக்கு நடுவில் வைத்தார். தொண்டையைச் செருமினார். இரண்டாவது சரணத்தை அடிக்குரலில் எடுத்தார். லவினியா வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பெண் குரலில் மேலே ஏறினாள். அவர்களோடு வந்த இரண்டு பேர் நடுக்குரல்களைப் பிடித்தார்கள். நாலு குரலும் சேர்ந்தன. இரண்டாவது, மூன்றாவது, கோழிக் கொட்டகை வருகிற நாலாவது சரணம், கடைசியில் 'ஆமென்' வரைக்கும் ஒரு சொல் பிசகவில்லை. சாப்பாடு சுமந்து வந்த கைகளால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார்கள்.

செமிசி பாயில் இருந்தபடியே கேட்டார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கலோ அக்காதான் பாட்டைக் கட்டக் கட்டச் சொல்லிக் குடுத்தா. நீங்க எல்லாம் உள்ள வேற பாட்டு பாடிட்டு இருப்பீங்க. உங்களைத் திரையைப் பார்க்க விட்டுட்டு அக்கா தேநீர் எடுக்கற சாக்குல அடுப்படிக்கு வருவா. நீங்க தூக்கிப் போட்ட பலகையில எழுதுவா, நாங்க ஒரு தடவை பாடினதும் அழிச்சிடுவா. 'பலகையிலயே இருந்தா மண்டையில ஏறாது'ம்பா" என்றாள் லவினியா.

"செவ்வாய்க்கிழமையில இருந்து நான் பைத்தியமா அலையறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

லவினியா இடுப்பில் கை வைத்தாள். "அடுப்படியில தேநீர் போட்டுட்டு இருந்த எங்களுக்குப் பூட்டின சங்கதி எப்படித் தெரியும் வாத்தியாரே? நீங்க குரூப்புலதானே சொன்னீங்க? அந்தக் குரூப்புல நாங்க இருக்கோமா?"

செமிசி எழுந்தார். மொசேசேயின் முன்னால் போய், எல்லோரும் பார்க்க, மன்னிப்புக் கேட்டு வெறுந்தரையில் தலை குனிந்து உட்கார்ந்தார். வாத்தியார் ஒருவர் அப்படி உட்கார்ந்து அந்த ஜனங்கள் பார்த்ததில்லை. மொசேசே பதறிப் போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திரு அண்ணே, கறி ஆறுது."

கண்ணாடிக்கு வெளியே ஆளுக்கொரு கைபேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேலம் தன் பெரிய அதிகாரியிடம் போனில் ஏதோ கேட்டுவிட்டு வேகமாக வந்தான். "சார், நல்ல செய்தி! வெல்டோரா இல்லாத எல்லாருக்கும் புது டேப்லெட் இலவசமாத் தரச் சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் சந்தாவும் வேண்டாம். இனிமே யாரும் வெளிய நிக்க வேண்டியதில்ல."

அடுப்படிக் கோஷ்டியில் ஒருவர் கண் லேசாகப் பளிச்சிட்டது. அதில் தப்பில்லை, ஓசியில் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? எல்லோரும் செமிசியைப் பார்த்தார்கள்.

"ஒரு வருஷம் கழிச்சு?" என்று கேட்டார் செமிசி.

"அப்புறம் வழக்கமான சந்தாதான் சார்."

"கட்டலைன்னா?"

கேலம் பாய்களில் கிடந்த பூட்டிய டேப்லெட்டுகளைப் பார்த்தான்.

"தம்பி, உன் மேல எனக்குக் கோபம் இல்ல. நீயும் சம்பளத்துக்கு நிக்கற. உங்க முதலாளிகிட்ட சொல்லு, எங்களுக்கு டேப்லெட் வேண்டாம். அதோ அந்தக் காலி அட்டைப் பெட்டி, அதைக் குடு. அதையாவது பூட்டாம வெச்சிருக்கீங்களா?"

காவலாளிதான் பெட்டியைக் கொண்டு வந்தான், தன் பேனாவையும் சேர்த்து. பெட்டியைக் கிழித்து விரித்து, வெல்டோரா என்று அச்சடித்த பக்கத்தைக் கீழே போட்டு, வெறும் பக்கத்தில் லவினியா பாடப் பாடச் செமிசி எண்களை எழுதினார். பிறகு எல்லோரும் அங்கேயே சாப்பிட்டார்கள். கேலமுக்கும் ஒரு பொட்டலம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இடமில்லை. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், சேப்பங்கிழங்குக் கறை போகாத அந்தப் பழைய கரும்பலகை நின்றது. கடைசி வரிசைக்கும் தெரியும்படி எண்கள் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. டேப்லெட்டுகள் வீட்டில் இருந்தன. பலகைக்கு முன்னால் முதல் வரிசையில் அடுப்படிக் கோஷ்டி நின்றது.

செமிசி சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தப் பாட்டைக் கட்டினது என் கலோ. பூட்டினது ஒரு கம்பெனி. ஆனா அந்தக் கம்பெனி போட்ட மதிலுக்குச் செங்கல் சுமந்தது நான். உள்ள சொகுசா இருந்துச்சு, அதனால வெளிய யார் நிக்கறாங்கன்னு நான் திரும்பிப் பார்க்கல. கடைசியில பாட்டைக் காப்பாத்தினது வெளிய நின்னவங்கதான். நீங்க எந்தப் பொருளை வேணா வாங்குங்க, அது உங்க இஷ்டம். ஆனா நம்ம சொந்தப் பொருளைத் திறக்க இன்னொருத்தன்கிட்ட சாவி கேட்டு நிக்கணும்னா, அது நம்ம பொருள் இல்ல, நாமதான் அவனோட பொருள். அண்ணன் தம்பியை வெளிய நிறுத்தினாத்தான் வேலை செய்வேங்கற எந்தப் பொருளும் இனிமே இந்தக் கூடத்துக்குள்ள வராது."

பிறகு முன்வரிசைப் பக்கம் திரும்பி, கையை உயர்த்தினார்.

"மொசேசே, நீ ஆரம்பிப்பா. உன் தொண்டையால."

மொசேசே ஆரம்பித்தார்.