இரண்டு கைப்பிடி மத்தி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் மகள் ரஞ்சனா. எழுதக் கூடாது என்று சொன்னவர் என் கணவரின் அண்ணன் சிவஞானம். இரண்டு பேரிடமும் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். கதை பிறந்த விதம் இவ்வளவுதான்.

நான் மைதிலி. ஹைதராபாத்தில், ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பதிவேடுகளைச் சரிபார்க்கிற வேலை. அங்கே தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு, அதுவும் கீழே இருக்கும் தவறு படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பதினான்கு வருடமாகக் கை இதற்கே பழகிவிட்டது. அதனால் இந்தக் கதையில் அடித்தவற்றையும் அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

2

முதல் தொடக்கம்: [வங்கக் கடல் அன்று பாய் விரித்தது போல் அமைதியாக]

அடித்தேன். அன்று நல்ல அலை. படகேறிய பத்தாவது நிமிடமே என் கணவர் பூபாலன் வாந்தி எடுத்தார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் ஹைதராபாத்தின் மாதாப்பூரில் பதினைந்து வருடம் கணினி முன்னால் உட்கார்ந்ததில் உடம்புக்குக் கடல் மறந்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: [“சுறா!” என்று அலறினாள் ரஞ்சனா]

இதையும் அடித்தேன். அவள் அப்படி அலறவே இல்லை. அவள் சொன்னது வேறு.

மூன்றாவதாக, ஊர் வழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். நாகைப் பக்கம் இருக்கும் பூபாலனின் ஊரில் பெண்கள் மீனை ஏலம் கேட்கலாம், கருவாடு போடலாம், கடலுக்குப் போன ஆணைத் திட்டலாம். படகில் மட்டும் ஏறக் கூடாது. ஏற்றியது தெரிந்தால் ஊர்ப் பஞ்சாயத்து அந்தப் படகைப் பத்து நாள் கரையில் நிறுத்திவிடும். ரஞ்சனா இரண்டு வருடமாக வீடியோ காலில் பெரியப்பாவை நச்சரித்தாள். போன கோடை விடுமுறையில் அவர் மசிந்தார். பொழுது விடிகிற நேரத்தில், ஊருக்குத் தள்ளி இருந்த ஆற்று முகத்துவாரத்தில், நானும் அவளும் திருடர்கள் மாதிரி ஏறினோம்.

3

கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் மாமா என்ஜினை நிறுத்தினார். (கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.) அவர் படகின் முன்பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கையில் தூண்டில் நரம்போடு, அதாவது நைலான் இழையோடு, நின்றார். நடுவில் பூபாலன் சுருண்டு கிடந்தார். பின்பக்கம் நானும் ரஞ்சனாவும். எங்கள் காலடியில் இரைக்கு வைத்திருந்த மத்தி மீன் வாளியும் கத்தியும்.

தண்ணீருக்கு மேல் ஒரு மீனின் முதுகுத் துடுப்பு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

“அம்மா, டால்ஃபின்ஸ்” என்று ரஞ்சனா எழுந்து குதித்தாள். நானும் குதித்தேன், நாற்பத்திரண்டு வயதில். ஹைதராபாத்தில் இருக்கிறவளுக்கு முக்கோணமாக எது தெரிந்தாலும் டால்ஃபின்தான். அவை நெருங்கி வந்தன, கை நீட்டினால் தொடலாம் என்கிற அளவுக்கு. ஏன் அவ்வளவு கிட்டே வந்தன என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு மாமா திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. (டால்ஃபினுக்கு அங்கே ஓங்கல் என்று பெயர்.)

“ஓங்கலு இல்ல புள்ள, சுறா. கைய உள்ள எடு.”

அவர் திரும்பிய அந்த நொடியில் அவருடைய தூண்டிலில் ஒரு வஞ்சிரம் மாட்டியது, வஞ்சிரத்தை ஒரு சுறா கவ்வியது, காலடியில் தளர்ந்து கிடந்த நரம்பு எகிறி அவர் மணிக்கட்டில் ஒரு சுற்று விழுந்து இறுகியது. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் ஒரே மூச்சில் நடந்தது. மாமா நெஞ்சு மோத விளிம்பில் விழுந்தார். படகு சாய்ந்தது. எண்பது கிலோ மனிதர், பாதி உடம்பு வெளியே. நான் பாய்ந்து அவர் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து அந்தச் சுறாவைப் பார்த்தேன். [எட்டடி] [பத்தடி] அளக்கவில்லை. சாம்பல் முதுகு, திரும்பும்போது பளீரென்று வெள்ளை வயிறு. பயத்தில் உறைந்தேன் என்று எழுதுவதுதான் மரியாதை. உண்மை என்னவென்றால் எனக்குப் புல்லரித்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை, மாமாவின் கை அதன் வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோதும்.

ரஞ்சனா கத்தியை எடுத்தாள். அப்பாவைத் தாண்டினாள், மண்டியிட்டாள், நரம்பின் மேல் கத்தியை வைத்துப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அறு புள்ள” என்றார் மாமா.

இரண்டே இழுப்பு. நரம்பு அறுந்து மாமா என் மேல் விழுந்தார். சுறாக்கள் படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே போயின. ரஞ்சனா கத்தியைக் கீழே வைக்காமல், வயிறு குலுங்கச் சிரித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

(அடிக்குறிப்பு: வஞ்சிரத்தின் தலை மட்டும் மிதந்து வந்தது. அதைப் பார்த்து பூபாலன் மறுபடி வாந்தி எடுத்தார். இதைக் கதையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

4

முகத்துவாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக வீட்டுக்கு நடந்தோம். அண்ணனும் தம்பியும் ஊர்க் கரைக்குப் போனார்கள். மாமாவின் மணிக்கட்டில் ஒன்பது தையல். என்ன ஆச்சு என்று ஊர் கேட்டது. படகில் இருந்ததாக ஊருக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

“தம்பிதான் அறுத்தான்” என்றார் மாமா.

சாயங்காலம் பூபாலனுக்குச் சால்வை போட்டார்கள். ரஞ்சனா ஜன்னலில் நின்று பார்த்தாள். உங்க அப்பா பெரிய ஆளு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு, “ஹவ்” என்றாள். ஹைதராபாத் உருதுவில் ஆமாம் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் பூபாலன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். [சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமையாக] பொய், அடித்துவிட்டேன். அவர் வாயைத் திறந்தால் அண்ணன் படகு நின்றுவிடும். அந்தச் சால்வை இன்னும் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை.

5

ஹைதராபாத் திரும்பி ஒரு வாரம் கழித்து, இதை எழுதலாமா என்று மாமாவிடம் போனில் கேட்டேன். வேண்டாம் என்றார். பஞ்சாயத்துப் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் மனதில் வேறொன்றும் இருந்தது.

“முப்பது வருசமா தொழில் பண்றேன், இப்புடிக் கிட்ட வந்ததில்ல. பொம்பளைய ஏத்துனேன், கடலு காட்டிருச்சு. இனிமே ஏத்த மாட்டேன்.”

ஸ்பீக்கரில் ரஞ்சனாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் பல் துலக்கிக்கொண்டே தன் கட்டளையைச் சொன்னாள்: கதையை எழுத வேண்டும், அறுத்தது அவள்தான் என்று வர வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. அவளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. ஆகவே எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

6

மூன்று மாதம் கழித்து வாசித்துக் காட்டினேன். வாந்திக்குச் சிரித்தாள். “அறு புள்ள” வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடித்ததும் கேட்டாள்.

“தும் மத்தி டாலே நா அம்மா. வோ கைக்கு நை லிக்கே?”

மத்தி போட்டாயே, அதை ஏன் எழுதவில்லை என்கிறாள்.

போட்டேன். டால்ஃபின் என்று நினைத்து, இன்னும் கிட்டே வரட்டும் என்று வாளியிலிருந்து இரண்டு கைப்பிடி மத்தியை அள்ளி எறிந்தேன். மாமா முதுகைக் காட்டி நின்றார், பூபாலன் கண்ணை மூடியிருந்தார். ரஞ்சனா மட்டும் பார்த்தாள்.

என் சமாதானத்தைச் சொன்னேன். இதை எழுதினால் ஊர் என்ன சொல்லும்? பொம்பளை ஒருத்திதான் சுறாவைக் கூப்பிட்டாள் என்று சொல்லும், வழக்கம் சரிதான் என்று ஆகிவிடும். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

“மை கிஸ்கூ நை போலி.”

யாரிடமும் அவள் சொல்லவில்லை. அப்பாவிடம் கூட. தான் செய்ததற்குத் தன் பெயர் வரவில்லை என்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், நான் செய்ததற்கு என் பெயரை ஒரு தடவை கூட எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதுகிறவள் தன் அழுகையை எழுதுவது அழகில்லை என்பார்கள். எழுதிவிட்டேன்.

திருத்தம், மூன்றாம் பகுதிக்கு: [ஏன் அவ்வளவு கிட்டே வந்தன என்று தெரியவில்லை.] தெரியும். நான்தான் காரணம்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. பெயரை மாற்றிவிடலாம், மாமா தப்பிப்பார், என் மகள் மறுபடி ஜன்னலில் நிற்பாள். பெயரோடு போடலாம், படகு பத்து நாள் நிற்கும். கதையை அனுப்பாமலே விடலாம், [அதுதான் பெருந்தன்மை என்று நானே என்னை]

இந்த மூன்றும் பிடிக்காமல், நேற்று மாமாவை அழைத்தேன். ரஞ்சனா என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, சுறா தானா வரல. நான் மத்திய அள்ளி எறிஞ்சேன். பொம்பள ஏறுனதால வரல, வெவரம் கெட்டவ ஒருத்தி ஏறுனதால வந்துச்சு. உங்ககிட்ட மறைச்சது தப்பு. நரம்ப அறுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவ பேரப் போட்டு எழுதவா?”

அந்தப் பக்கம் காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது. ரஞ்சனா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் சொன்னதை எழுதப் போவதில்லை. ஊரின் பெயரை நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மகளின் பெயரை மட்டும் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். ரஞ்சனா என்பது அவளுடைய உண்மையான பெயர்தானா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றலாம். அதற்கான பதிலைத்தான் மாமா சொன்னார்.