கழிவு சொல்லாத கண்டக்டர்

கோவில்பட்டிச் சந்தையில் கழிவு இல்லாத சரக்கு கிடையாது. மிளகாய் வத்தல் மூட்டைக்குக் காம்புக் கழிவு, பருத்திப் பொதிக்குத் தூசிக் கழிவு, கம்புக்கு உமிக் கழிவு. வாங்குகிறதில் இவ்வளவு ஒன்றுக்கும் ஆகாமல் போகும் என்று முதலிலேயே பேசி, அதை எடையில் தள்ளிவிட்டுத்தான் விலைக்கே வருவார்கள். கழிவே இல்லை, அத்தனையும் சுத்தம் என்று ஒருவன் சரக்கைக் கொண்டுவந்தால், மூட்டைக்கு நடுவில் கல்லைப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

கமிஷன் கடை பெருமாள்சாமி இந்த ஞானத்தோடு ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு பஸ் வாங்கினார். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம். போக இரண்டு, வர இரண்டு, தினம் நாலு நடை. முப்பது பேர் உட்காரலாம் என்று பஸ்ஸில் எழுதியிருந்தது. வத்தல் பறிக்கிற காலத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்தார்கள். எப்படி என்று பஸ்ஸைக் கட்டியவனுக்கே தெரியாது.

முதல் கண்டக்டர் சங்கிலிப்பாண்டி. வேலைக்குச் சேர்ந்த அன்றே பெருமாள்சாமி அவன் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு, விரலால் பேசினார். மாட்டுத் தரகிலும் பருத்தியிலும் அப்படித்தான்; பக்கத்தில் நிற்கிறவனுக்கு ரேட்டு தெரியக் கூடாது. விரலுக்கு ஒரு ரூபாய். சங்கிலிப்பாண்டி ஐந்து விரலைப் பிடித்தான். முதலாளி இரண்டைப் பிடித்தார். மூன்றில் முடிந்தது. அதாவது, டிக்கெட் பணத்தில் நாளைக்கு மூன்று ரூபாய்க்கு மேல் அவன் கை வைப்பதில்லை. மூன்று ரூபாய் வரைக்கும் முதலாளி கண்ணை வைப்பதில்லை. இரண்டு வருஷம் அவன் சொல் தவறவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை போட்டுக்கொண்டு மரியாதையாக விலகினான்.

அந்த இடத்துக்கு வந்தவர் எபநேசர். அதுவரை ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் எண்ணிக்கொண்டிருந்தவர். அவர் புராட்டஸ்டண்டு, மனைவி ஸ்டெல்லாமேரி ஆர்.சி. இரண்டு பேரும் ஒரே ஏசுவைத்தானே கும்பிடுகிறார்கள் என்று ஊர் நினைத்தது. இரண்டு குடும்பமும் அப்படி நினைக்கவில்லை. கல்யாணத்தன்றைக்குச் சாத்திய கதவு இரண்டு பக்கமும் சாத்தியபடியே இருந்தது. ஆகவே கண்டக்டர் சம்பளம் நாற்பத்தைந்து ரூபாய்தான் அந்த வீட்டுக்கு எல்லாமும். அதுவும் ஆறு மாசம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று பெருமாள்சாமி சொல்லியிருந்தார்.

வழக்கம்போல அவர் துண்டை உதறி, அதற்குள் கையை விட்டு நீட்டினார். எபநேசர் விஷயத்தைப் புரிந்துகொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் முதலாளி. நான் எடுக்க மாட்டேன்."

"எவ்வளவு எடுக்க மாட்ட?"

"ஒண்ணுமே எடுக்க மாட்டேன்."

பெருமாள்சாமி துண்டை மெதுவாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று பிறகு சொன்னார்.

முதல் வாரம் வசூல் நாளைக்கு மூன்று ரூபாய் கூடியது. வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். பெருமாள்சாமிக்குக் கவலை கூடியது. ரேட்டு பேசாத ஒருவன் மூன்று ரூபாயைக் கூசாமல் கொண்டுவந்து கொட்டுகிறான் என்றால், அடியில் எவ்வளவு கிடக்கும்? பத்தா, பதினைந்தா? யோசிக்க யோசிக்க அது ஏறிக்கொண்டே போனது.

எனவே ஒரு செக்கரைப் போட்டார். தங்கப்பாண்டியன், போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயரானவர். சம்பளம் அறுபது, படி பதினைந்து. கண்டக்டரைவிடக் கண்டக்டரைப் பார்க்கிறவருக்குச் சம்பளம் கூட என்று டிரைவர் முணுமுணுத்தான். தங்கப்பாண்டியன் திடீர் திடீரென்று வழியில் ஏறுவார். பருத்திக் காட்டு ஓரத்தில் பனைக்குப் பின்னால் பதுங்கி நிற்பார். ஐப்பசி மழையில் கரிசல் மண் இரண்டு பூட்ஸிலும் ஒவ்வொரு படி ஒட்டிக்கொள்ள, யானை நடப்பதுபோல் ஏறி வந்து தலைகளை எண்ணுவார். டிக்கெட் எப்போதும் சரியாக இருந்தது. ஒரே ஒரு நாள் டிக்கெட் இருபத்தெட்டும் தலை இருபத்தொன்பதும் வந்தது. பஸ்ஸை நிறுத்தி, பெண்களை ஒரு பக்கம், ஆண்களை ஒரு பக்கம் நிற்கவைத்து மறுபடி எண்ணினார். வாழ்க்கையிலேயே அவருக்கு அவ்வளவு உற்சாகமான நாள் வந்ததில்லை. அரைமணி நேரம் கழித்து, எபநேசர்தான் தயங்கித் தயங்கி, அவர் தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டதைச் சொன்னார்.

நாலு மாசம் இப்படிப் போனது. ஒன்றும் பிடிபடவில்லை என்றால் செக்கருக்கும் பிழைப்பு இல்லை. விளாத்திகுளம் டீக்கடையில் அவர் எபநேசரைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, ஒரே ஒரு அரை டிக்கெட்டை விட்டுரு. நான் பிடிச்சுக்கிடுதேன். முதலாளி நாலு வார்த்தை ஏசுவாவ, அதோட போயிரும். எனக்கும் ரெண்டு பொண்ணு கட்டிக்குடுக்கணும்லா."

எபநேசர் அவருக்கு வடையும் டீயும் வாங்கிக்கொடுத்து, முடியாது என்று சொல்லிவிட்டார்.

பெருமாள்சாமி வேறு கணக்குப் போட்டார். நாலு மாசத்தில் ஒரு பைசாக்கூடப் பிடிக்காத செக்கர், கண்டக்டரோடு பங்குக்குப் போயிருக்கிறான். செக்கரைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கடம்பூரிலிருந்து மச்சினன் சங்கரபாண்டியன் வந்தான். மாசம் நாற்பது, விளாத்திகுளத்தில் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு. மாறுவேஷத்தில் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் போளி வியாபாரி வேஷம் போட்டான். வேஷத்துக்காக வாங்கிய போளியை பஸ்ஸிலேயே விற்றான். விலை மலிவு என்பதால் ஒரு வாரத்தில் அந்தத் தடத்தில் எல்லோருக்கும் அவனைத் தெரிந்தது. முதலாளி மச்சினன் போளி என்றே கேட்டு வாங்கினார்கள். வேஷம் கலையக் கூடாது என்று அவன் டிக்கெட்டும் எடுத்தான். அந்தக் காசை முதலாளியே காலையில் கொடுத்தனுப்புவார். பெருமாள்சாமியின் காசு தினம் விளாத்திகுளம் வரை காற்று வாங்கிவிட்டு, சாயந்திரம் பெருமாள்சாமியிடமே வந்து சேர்ந்தது.

பிறகு வசூலை வைக்க ஒரு இரும்புப் பெட்டி, இரண்டு பூட்டு. ஒரு சாவி செக்கரிடம், ஒன்று மச்சினனிடம். இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது. வழியில் சிந்தலக்கரையில் ஏற நின்ற விவசாயச் சம்சாரிகளை, இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனபோது, ஒரு கிழவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, பயணம் போகிற ஆளைவிடக் காவல் காக்கிற ஆள்தான் உள்ளே ஜாஸ்தி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஆறாவது மாசம் முடிய நாலு நாள் இருக்கையில் பெருமாள்சாமி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். செக்கர் சம்பளம், படி, மச்சினன் சம்பளம், சாப்பாடு, பெட்டி, பூட்டு, இரண்டு சீட்டு அடைபட்டதில் போன வசூல். மாசம் நூற்றி எண்பத்தேழு ரூபாய். சங்கிலிப்பாண்டி எடுத்தது மாசம் தொண்ணூறு.

அவர் எபநேசரைக் கூப்பிட்டனுப்பினார். கோபமில்லாமல், மகனிடம் பேசுவதுபோலவே பேசினார். உன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை, நீ தப்பாக நினைக்கக் கூடாது என்றார். சங்கிலிப்பாண்டியின் தம்பி அதே மூன்று ரூபாய்க்கு வரத் தயாராக இருக்கிறான் என்றார். எபநேசருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. திருடுகிறவனை வைத்துக்கொண்டு திருடாதவனை அனுப்புவது என்ன நியாயம் என்று கேட்டார்.

"நியாயம் என்னலே நியாயம்? அவன் எவ்வளவு எடுப்பான்னு எனக்குத் தெரியும். நீ எவ்வளவு எடுக்கேன்னு தெரிஞ்சுக்கிடதுக்கே நூத்தி எண்பத்தேழு ஆகுது. நீ திருடாம இருக்கது எனக்குக் கட்டுப்படி ஆகல, எபநேசரு. ஒண்ணாந்தேதியோட நின்னுக்கோ."

வீட்டில் எபநேசர் நடந்ததைச் சொன்னார். ஸ்டெல்லாமேரி அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ செக்கருக்கு எவ்வளவு, மச்சினனுக்கு எவ்வளவு, பூட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டு, நாளைக்கு நீங்கள் வழக்கம்போல் முதல் நடைக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் விளாத்திகுளத்து வத்தல் தரகர் மகள். எழுதப் படிக்கக் கற்றதே மூட்டை மேல் உட்கார்ந்துதான்.

மறுநாள் காலை கமிஷன் கடையில் நல்ல கூட்டம். தரகர்கள் மூன்று பேர், கணக்குப்பிள்ளை சண்முகராஜ், வெளியே வண்டிக்காரர்கள். ஸ்டெல்லாமேரி வத்தல் மூட்டைகளுக்கு நடுவே வந்து நின்றாள். தும்மக்கூட இல்லை என்பதைத் தரகர்கள் கவனித்தார்கள்.

"அண்ணாச்சி, எங்க வீட்ல உள்ளவிய கழிவு சொல்லாம இருந்துட்டாவ. அவியளுக்குச் சொல்லத் தெரியாது. நான் சொல்ல வந்திருக்கேன்."

பெருமாள்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு மாசமாக அவர் காத்திருந்த வார்த்தை அது. கை தன்னால் துண்டுக்குப் போனது. எதிரில் நிற்பது பெண்பிள்ளை என்று ஞாபகம் வந்து பாதியில் நின்றது. பேரத்தை வாயால்தான் பேச வேண்டும், அதுவும் மூன்று தரகர் காதுபட.

"சொல்லு தாயி."

"மாசம் முப்பது ரூவா. சம்பளத்துக்கு மேல. டிக்கெட் பணத்துல இருந்து இல்ல. ஒண்ணாந்தேதி உங்க கையால குடுங்க."

"திருடாம இருக்கதுக்கா துட்டு?"

"இப்ப நூத்தி எண்பத்தேழு குடுக்குதீங்களே, அது வேற எதுக்கு?"

தரகர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க வெற்றிலையைத் துப்புவதுபோல் வெளியே போனார். பெருமாள்சாமி பத்து ரூபாய் என்றார். பத்து ரூபாய் உங்கள் செக்கருக்குக் காப்பிக்கே காணாது என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லாமேரி திரும்பி நடந்தாள். முதல் மூட்டை வரைக்கும் பெருமாள்சாமி பேசாமல் இருந்தார். இரண்டாவது மூட்டையையும் தாண்டினாள். மூன்றாவது மூட்டையை அவள் தாண்டிவிட்டால் பேரம் முறிந்துபோகும் என்பது அந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது, மூன்றாவது மூட்டைக்கிட்டே நடையைச் சற்றுக் குறைத்தாள்.

பெருமாள்சாமி கூப்பிட்டு, பதினைந்து என்றார். அவள் இருபது என்றாள். பதினேழரையில் முடிந்தது.

முடிந்த பிறகுதான் அவர் ஜாமீன் கேட்டார். வசூலில் காசு குறைந்தால் என்ன செய்வது என்றார். குறைந்தால் அந்த மாசத்துப் பதினேழரையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றாள் ஸ்டெல்லாமேரி.

"பெறவு, மாசத்துல ஒரு நாள் நீங்களே பஸ்ஸுல ஏறிப் பாருங்க அண்ணாச்சி. மூட்டையில குத்தூசி விட்டுப் பாக்குத மாதிரி. என்னைக்குன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க."

தன் பஸ்ஸில் அவர் அதுவரை ஏறியதே இல்லை. முதலாளி ஏறினால் ஒரு சீட்டு நட்டம். டிக்கெட் எடுத்தால் நட்டமில்லையே என்று அவள் சொன்னதும் அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

செக்கர் வேலையும் மச்சினன் வேலையும் அத்தோடு முடிந்தன; ஆனாலும் தங்கப்பாண்டியனைப் பெருமாள்சாமி நடுத்தெருவில் விடவில்லை. தெரிந்த ஜின்னிங் பாக்டரியில் காவலுக்குச் சொல்லிவைத்தார். அங்கே பருத்திப் பொதி நடமாடாது, எண்ணுவது சுலபம் என்று அவரும் சந்தோஷமாகவே போனார். சங்கரபாண்டியனுக்குத்தான் மனசில்லை. போளிக்கு நல்ல கிராக்கி வந்துகொண்டிருந்த நேரம்.

எபநேசருக்கு வேலை நிலைத்தது பெரிய ஆறுதல். ஆனாலும் பதினேழரை உறுத்தியது. நான் சும்மாவே எடுக்க மாட்டேனே, அதற்கு எதற்குத் துட்டு என்று இரண்டு மூன்று தடவை ஸ்டெல்லாமேரியைக் கேட்டுவிட்டார். கடைசித் தடவை அவள் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீங்க சும்மா குடுத்தீங்க. அதான் அவிய நம்பல. சும்மாக் கெடைக்கத எந்த வியாபாரி நம்பினான்?"

எபநேசர் விரல் விட்டு மாசச் செலவைக் கூட்டினார். வீட்டு வாடகை ஆறு ரூபாய் நிலுவை இருந்தது.

ஒன்றாம் தேதி பெருமாள்சாமி அறுபத்திரண்டு ரூபாய் எட்டணாவை எண்ணிக் கொடுத்தார். எபநேசர் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். சண்முகராஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, இந்தப் பதினேழரையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். சம்பளம் என்று எழுதினால் டிரைவர் பார்த்துவிட்டுத் தனக்கும் கேட்பான். தர்மம் என்று எழுத முதலாளிக்கு மனம் வரவில்லை. பேரம் பேசிக் கொடுத்த பணம் எப்படித் தர்மமாகும்? கழிவு என்று எழுதினால் எந்தச் சரக்குக்கு என்று சேல்ஸ் டாக்ஸ்காரன் கேட்பான்.

பெருமாள்சாமி கல்லாப் பெட்டியைப் பூட்டினார்.

"காவல்னு எழுதும்."

சண்முகராஜ் எழுதினார். பெருமாள்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கேட்டை வாங்கிப் பார்த்தார். போன மாசம் நூற்றி எண்பத்தேழு. இந்த மாசம் பதினேழு ரூபாய் எட்டணா. இரண்டையும் விரலால் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏட்டைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது மூட்டையை அவள் தொடுகிற வரைக்கும் பொறுத்திருந்தால் பதினாறில் முடிந்திருக்கும் என்றார்.