இல்லாத நுனி

அவளேதான், வேறு யார், பக்கத்து நாற்காலி, கையெட்டும் தூரம், பேச்சிச்செல்வி டீ குடிக்கப் போனால் கம்ப்யூட்டரைப் பூட்டாமல்தான் போவாள் என்பது ஜெனிலாவுக்குத் தெரியாதா என்ன, அதனால்தான் ஜெயசிங் சார் காலையில் கூப்பிட்டு, "உங்க ரெண்டு பேருல யாரு செஞ்ச வேலைன்னு நெனைக்க? ஒருத்தர நான் வீட்டுக்கு அனுப்பியாகணும்" என்று கேட்டபோது பேச்சிச்செல்வி ஜெனிலாவின் பெயரைச் சொல்லிவிட்டாள், சொல்லும்போது குரல் நடுங்கவில்லை... நடுங்கியிருக்க வேண்டுமோ? பொய்யா சொன்னோம்? இப்போது கண்ணாடி அறைக்குள் ஜெனிலா நிற்கிறாள், இங்கிருந்து முதுகு மட்டும் தெரிகிறது, சார் பேசப் பேச அந்த முதுகு அசையவே இல்லை, கள்ளி, எப்படி நிற்கிறாள் பார், ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி.

எல்லாம் ஒரு கத்தியால் வந்த வினை. எங்கேயோ ஆல்ப்ஸ் மலை உச்சியில், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய கோட்டைக் குடியிருப்பில் தோண்டியெடுத்த சாமான்களை அந்த ஊர்க்காரர்கள் போட்டோ பிடித்து அனுப்புவார்கள், தூத்துக்குடியில், உப்பு லாரி போகிற ரோட்டு மாடியில் உட்கார்ந்து இவர்கள் அதைப் பார்த்துக் கோட்டுப்படமாக வரைந்து கொடுக்க வேண்டும், எலும்புச் சீப்பு, துணியில் குத்துகிற வெண்கல ஊக்கு, கண்ணாடி மணி, உடைந்த விளக்கு. இருப்பதை வரை, இல்லாததை வரையாதே, முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதுதான். அந்த இரும்புக் கத்திக்கு நுனி கிடையாது, மண்ணுக்குள்ளேயே உடைந்து போய்விட்டது. ஆனால் பேச்சிச்செல்வியின் கம்ப்யூட்டரிலிருந்து போன படத்திலோ முழு நுனி, அழுத்தமான கோட்டில்! இது எங்கிருந்து வந்தது, இனி உங்கள் படத்தை எப்படி நம்ப என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள், சாருக்கு முகம் செத்துவிட்டது.

யோசித்தால் எல்லாம் பொருந்தித்தான் வருகிறது. போன வாரம் ஜெனிலா மக்ரூன் வாங்கிவந்து டப்பாவோடு நீட்டினாளே, சும்மாவா? படம் திரும்பி வந்தது சாருக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், அதற்குள் எப்படி இவள் மோப்பம் பிடித்தாள்? மேற்பார்வை நாற்காலி காலியாகப் போகிறது என்றதும் தினமும் சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அந்த மலைக்காரர்கள் மட்டும் என்ன, போன மாதம் அவர்களுடைய மதிலை வரைந்தபோதே பேச்சிச்செல்விக்குத் தோன்றியது, எண்ணெய் ஜாடி வரைக்கும் கடல் தாண்டி மலையேறி வந்திருக்கிறது, அப்படி வாழ்ந்தவர்களுக்கு இவ்வளவு தடிமனில் மதில் எதற்கு, கீழே இருந்து வருகிறவனுக்குப் பயந்தா, இல்லை, உள்ளேயே பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டா... அதெல்லாம் கிடக்கட்டும், சார் ஆதாரம் கேட்டால் கையில் ஏதாவது வேண்டாமா?

படத்தைத் திறந்தாள், நுனியைப் பெரிதாக்கினாள், ஜெனிலாவின் கோடு என்றால் முடிகிற இடத்தில் கொஞ்சம் மெலியும், இது மெலியவில்லை, ஒரே அழுத்தம்... அதை விடு, இது என்ன வளைவு? ஊரில் உள்ள அரிவாளெல்லாம் முன்பக்கம் வளையும், இது பின்பக்கமாகத் திரும்பி நிற்கிறதே, எங்கே பார்த்தோம், எங்கேயோ நன்றாகப் பார்த்த... ஐயோ. ஊர்க் கோயில் மாடசாமி கையில்! நேர்ந்துகொண்டவர் கொடுத்தது, அடித்த ஆசாரி நுனியைத் தப்பாக வளைத்துவிட்டார், சாமிக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள், அதனால் அவள் ஊரில் மட்டும் மாடசாமி அரிவாளுக்கு அப்படி ஒரு நுனி. கோயில் கொடைத் திருவிழா முடிந்து, பொட்டுத் தூக்கம் இல்லாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக வேலைக்கு வந்தாளே, அன்றைக்கு மேஜையில் இருந்தது இந்தக் கத்திதான், கண் சொருகச் சொருகக் கை பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது, அந்தக் கடைசி வளைவு இப்போதும் விரலில் தெரிந்தது. அடிப்பாவி, நீயா!

ஜெனிலா வெளியே வந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஏளா பேச்சி, நான்தான் செஞ்சேன்னு யாரோ சொல்லிருக்காவ. நாளையிலேருந்து வரவேண்டாம்னுட்டாரு" என்று குனிந்து பையை எடுத்தவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். "இது உங்க ஊரு மாடசாமி அருவால்லா? போன வருஷக் கொடைக்கு என்னயக் கூட்டிட்டுப் போனப்ப காட்டுனியே."

அந்த நேரத்தில் பேச்சிச்செல்வியின் நெஞ்சு குளிர்ந்துபோனது, ஆமா, இவளும் பார்த்திருக்கிறாளே, அப்படியென்றால் இவளும் வரைந்திருக்கலாமே, சாரிடம் சொல்ல இது போதாதா... தன் விரல்தான் என்று இப்போதுதானே தெரிந்தது, அதற்குள் மனசு இப்படியா ஓடும்? அப்ப நீதானளா இத வரைஞ்ச, என்று கேட்கக்கூட வாய் தயாராகிவிட்டது, அந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், ஜெனிலாவைப் பார்க்கப் பயமாக இல்லை, தன்னை நினைத்துத்தான் பயமாக இருந்தது.