நொயேலியாவின் முதுகும் நான்கு டயர்களும்

அரன்சாசு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் எவேலியோவுக்குச் சில மாதங்களாகச் சனிக்கிழமை காலை வந்தாலே மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தால், சதுக்கத்தின் எதிர்மூலையில் நெய்ராவுக்குப் போகும் பஸ் நிற்பது தெரியும். அவருடைய மனைவி நொயேலியா, தோழி அம்பாரோவின் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறுவாள். நெய்ராவில் மகள் வீடு; மகளுக்குக் கைக்குழந்தை. பேத்தியைப் பார்க்கப் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கோயில் சுவரோரம் பளபளவென்று துடைத்து நிறுத்திய ஜெர்மன் கார் சும்மா நிற்க, அந்தக் காரை ஓட்டுகிறவரின் பெண்டாட்டி கோழிக்கூடைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு பஸ்ஸில் போவது ஏன் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

கார் நொயேலியாவின் தம்பியுடையது. அவன் ஸ்பெயினுக்குப் போகும்போது அக்காவிடம் விட்டுவிட்டுப் போனான். அதில் எவேலியோவுக்குப் பிடித்தது எஞ்சின் அல்ல, தோல் சீட்டும் அல்ல, டயர்தான். ஆணி குத்திக் காற்று முழுக்க இறங்கிப் போனாலும் ஓடுகிற டயர். அதன் பக்கச் சுவர் அத்தனை தடிப்பு. காற்று இல்லாவிட்டாலும் அந்தச் சுவரே வண்டியைத் தாங்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை போய்ச் சேர்ந்துவிடலாம். அதை நம்பி, காரைச் செய்தவர்கள் ஸ்டெப்னி வைக்க இடம்கூட விடவில்லை. காரில் யார் ஏறினாலும் எவேலியோ இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

"டாக்டர், உங்க காருக்கு என்ன வியாதி? வீட்டம்மா பஸ்ல போறாங்களே" என்று இருமல் மருந்து வாங்க வந்த காப்பித்தோட்டக்காரர் ஒருவர் கேட்டார். அந்த ஊரில் மருந்து விற்பவரும் டாக்டர்தான்.

"காருக்கு ஒண்ணுமில்ல. அவங்களுக்குப் பேச ஆள் வேணும். பஸ்ல நாப்பது பேர் இருக்காங்க, என்கிட்ட நான் ஒருத்தன்தானே" என்றார் எவேலியோ. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தோட்டக்காரர் போன பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடையைத் திறக்காமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னிக்குக் கடை லீவு, மிஹா. நானே உங்களைக் கொண்டுபோய் விடறேன்."

மிஹா என்பது செல்லப் பேச்சு. ஆனாலும் அந்த மலைநாட்டில் புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடக் குடித்தனத்தில் அது மாறவே இல்லை.

நொயேலியா கல்லில் வெந்த அரெப்பா என்ற சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: "எதுக்குங்க? யாருக்காவது காய்ச்சல்னு வந்தா பாவம், எங்க போவாங்க? நான் அம்பாரோகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"அம்பாரோவும் ஏறட்டும். பின்னால இடம் இருக்கே."

"அவளுக்குக் கார்ல வாந்தி வரும்."

தலைநகர் பொகோட்டா வரைக்கும் காரிலேயே போய் வந்தவள் அம்பாரோ. வழியெல்லாம் பன்றிக்கறி தின்றதாகப் பெருமை பேசியவள். எவேலியோ கடைக்குப் போய்க் கதவைத் திறந்தார். தன்னோடு உட்கார்ந்து வர அவளுக்குப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்ததும் அதை விரட்டப் பார்த்தார். போகவில்லை. நான் வேகமாக ஓட்டுகிறேனா? சொன்ன கதையையே சொல்கிறேனா? இரண்டாவது உண்மைதான். ஆனால் அதற்காக ஒருத்தி பஸ்ஸில் போவாளா?

ஜூன் மாதத்தில் விஷயம் வெளியே வந்தது. அதைக் கொண்டுவந்தவள் அம்பாரோ. முதுகுவலித் தைலம் கேட்டு வந்தாள். எவேலியோ அலமாரியிலிருந்து எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அடிக்கடி வாங்கறீங்களே. வலி எந்தப் பக்கம்?"

அம்பாரோவின் கை முதலில் வலது இடுப்புக்குப் போனது. பிறகு யோசித்து இடது இடுப்புக்கு வந்தது.

"காலைல கோயில்ல பெஞ்சை ஒத்தை ஆளா நகர்த்தினீங்க. நான் பாத்தேன்."

"மாதாவே, இந்த வயசுல என்னைப் பொய் சொல்ல வச்சுட்டா உங்க வீட்டுக்காரி" என்று பெருமூச்சு விட்டாள் அம்பாரோ. "தைலம் அவளுக்குத்தான். ஊர்ல வேற மருந்துக்கடை இல்ல, நான் என்ன செய்ய? உங்க கார்ல ஒரு தடவை நெய்ரா போயிட்டு வந்தா அவளால மூணு நாள் குனிய முடியல. ரோட்டுல கிடக்கிற கல்லு ஒவ்வொண்ணும் நேரா அவ இடுப்புல வந்து கதவைத் தட்டுதாம்."

"பஸ்ல தட்டலையா?"

"பஸ் ஆடும், டாக்டர். உங்க கார் அடிக்கும். அதைக் குடுங்க. காசு கேக்காதீங்க, உங்க பெண்டாட்டி முதுகு அது."

எவேலியோவுக்கு முதலில் வந்தது வெட்கம். அது அடங்கியதும் நிம்மதி வந்தது. தன்னைப் பிடிக்காமல் அவள் ஒதுங்கவில்லை. அந்த மாலையே காரை எடுத்துக்கொண்டு ஓவிதியோவின் டயர் கடைக்குப் போனார். டயர்கள் எப்படியும் தேய்ந்துதான் போயிருந்தன. ஜூலை பதினாறு, வண்டி ஓட்டுகிறவர்களைக் காக்கும் கார்மேல் மாதாவின் திருநாள். ஊரில் சக்கரம் உள்ள எல்லாமே அன்று மந்திரிக்கப் போகும். மொட்டை டயரோடு மாதா முன்னால் போய் நிற்கக் கூடாது என்று அவர் முன்பே நினைத்திருந்தார்.

ஓவிதியோ இரண்டு டயர்களைத் தரையில் நிறுத்தினார். இரண்டும் ஒரே அளவு. முதலில் நிறுத்தியதைக் காலால் மிதித்தார், அது அசையவில்லை.

"இது உங்க பழைய சாதி. காத்துப் போனாலும் வண்டி நிக்காது. ஆனா பள்ளத்துல விழுந்தா அந்த அடியைத் தான் வாங்கிக்காது, உள்ள இருக்கிறவங்களுக்கு அனுப்பி வச்சுடும்." அடுத்ததை மிதித்தார், அதன் பக்கம் சற்று உள்ளே போய் வெளியே வந்தது. "இது சாதா டயர். சின்னச் சின்ன அடியெல்லாம் தானே முழுங்கிக்கும். ஆனா ஆணி குத்துனா இறங்கித்தான் ஆகணும். பின்னால ஒரு சின்ன ஸ்டெப்னியும் காத்தடிக்கிற பம்பும் போட்டுத் தர்றேன்."

"பாதி அது, பாதி இதுன்னு போடலாமா?"

"கல்யாணத்துக்கு ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல செருப்பு போட்டுட்டுப் போவீங்களா டாக்டர்? நாலும் ஒண்ணா இருக்கணும். எது வேணும்?"

எவேலியோ சாதா டயரின் மேல் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

அவரைத் தடுத்தது ஒரு பொருத்தனை. சில வருடங்களுக்கு முன், பித்தப்பைக் கல்லோடு துடித்த நொயேலியாவைப் பழைய காரில் மனிசாலெஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, நெய்ராவுக்கு மேலே பனிமூட்டத்தில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. அவள் ரோட்டோரக் கல்லில் மடங்கி உட்கார்ந்திருந்தாள். அவர் வண்டிக்கடியில் சேற்றில் கிடந்து, கார்மேல் மாதாவிடம் வாக்குக் கொடுத்தார்: 'இனி ஒரு நாளும் இவளை இப்படி ரோட்டோரம் உட்கார வைக்க மாட்டேன்.' அந்த வாக்கைத்தான் இந்தத் தடித்த டயர்கள் இத்தனை நாள் காப்பாற்றி வந்தன. இப்போது சாதா டயர் போட்டால் வாக்கு என்னாவது? போடாவிட்டால் அவள் முதுகு என்னாவது?

இரவுச் சாப்பாட்டில் நொயேலியா சூடான வெல்லத் தண்ணீரில் சீஸ் துண்டுகளைப் போட்டுக் கொடுத்தாள். எவேலியோ கோப்பையைத் தொடவில்லை.

"முதுகு வலின்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

நொயேலியா கொஞ்ச நேரம் மேஜை விரிப்பை நீவிவிட்டாள். "அம்பாரோவுக்கு வாய் நிக்காதுன்னு தெரிஞ்சும் அனுப்பினேன் பாருங்க" என்றாள். "எப்படிச் சொல்லுவேன்? அந்த டயரைப் பத்திப் பேசும்போது உங்க முகத்தைப் பாக்கணுமே. நம்ம பொண்ணை முதல் தடவை கையில வாங்கினப்போதான் அது அப்படி இருந்துச்சு."

"நான் டயருக்காகப் பேசல, மிஹா. அன்னிக்கு நீங்க கல்லுல உட்காந்திருந்தீங்களே, பனியில. அப்போ மாதாகிட்ட ஒரு பொருத்தனை பண்ணேன்." எல்லாவற்றையும் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

நொயேலியா வியப்போடு அவரைப் பார்த்தாள்.

"அந்த நாளா? அதை நினைச்சா உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா?"

"உங்களுக்கு இல்லையா?"

"வலி இருந்துச்சுதான். ஆனா பால் வண்டிக்காரர் ஒருத்தர் நிறுத்தி, தன்னோட கம்பளியைக் கழட்டி எனக்குப் போத்திவிட்டாரு. மேல ஒரு வீட்டுல இருந்து டெல்ஃபினான்னு ஒரு அம்மா இறங்கி வந்து, சூடா இதே மாதிரி வெல்லத் தண்ணி குடுத்தா. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஜெபமாலை சொன்னா. பெத்த தாய் மாதிரி. நீங்க வண்டிக்கடியில இருந்தீங்க; சக்கரத்தைத்தான் பாத்தீங்க. என்னைச் சுத்தி யார் இருந்தாங்கன்னு நீங்க பாக்கவே இல்ல."

டவுனிலிருந்து யாரோ ஒருவர் டயர் கொண்டுவந்து கொடுத்தது மட்டும்தான் எவேலியோவுக்கு நினைவிருந்தது. அந்த ஒருவரை அனுப்பி வைத்ததே அந்தப் பால் வண்டிக்காரர்தான் என்று இப்போது நொயேலியா சொல்லித்தான் தெரிந்தது. கடவுள் தன் உதவியை நம் கண்ணெதிரே அனுப்பிவைத்தாலும், சில நேரம் நாம் சேற்றில் முகம் புதைத்துக் கிடக்கிறோம்.

"என்னைப் பத்திப் பொருத்தனை பண்ணீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்போ மாதாகிட்ட நான் பேசிக்கறேன். அவங்களும் நிறைமாசத்துல கழுதை மேல போனவங்கதான். முதுகு வலின்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும்." கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆறிப்போச்சு. குடிங்க."

மறுநாள் காலை ஆறு மணிப் பூசையில் நொயேலியா மாதா சுரூபத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்ன பேசினாள் என்று எவேலியோ கேட்கவில்லை. கடை திறக்கும் முன் ஓவிதியோவுக்குப் போன் செய்து, "சாதா டயர்" என்றார்.

கடையில் இருந்தது போக மற்ற டயர்கள் மனிசாலெஸிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்து சேர்ந்தது திருநாளுக்கு முந்தைய மாலைதான். அதனால் நொயேலியா அந்த டயரில் முதல்முதலாகப் போனதே மாதாவின் ஊர்வலத்தில்தான்.

ஊருக்குக் கீழே, ரோட்டோரம் மாதா சிலை வைத்த கெபியிலிருந்து வண்டிகள் புறப்பட்டுச் சதுக்கம் வரை மலையேறி வர வேண்டும். முன்னால் சைரன் ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி. பின்னால் பஸ், லாரி, ஜீப், மோட்டார் சைக்கிள், ஐஸ்கிரீம் தள்ளுவண்டி கூட. எல்லாவற்றிலும் வெள்ளையும் காப்பி நிறமுமாகப் பலூன்கள். அன்று ஹாரன் அடிப்பதே ஜெபம். யாரும் கையை எடுப்பதில்லை. நொயேலியா விடியும் முன்பே எழுந்து பலூன் ஊதி, பூக்கட்டி, நாற்பது பேருக்கு, சோளமாவும் கறியும் இலையில் பொதிந்த தமால் அவித்திருந்தாள்.

எவேலியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அந்த ஊர்க்காரர்கள் 'படுத்திருக்கும் போலீஸ்காரர்' என்று சொல்லும் வேகத்தடைகள் அந்த ரோட்டில் வரிசையாக உண்டு. முதலாவது வந்தது, போனது. அடுத்ததும் போனது. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"போலீஸ்காரங்க எல்லாம் இன்னிக்கு லீவா?" என்றாள் நொயேலியா. அவ்வளவுதான் சொன்னாள். சீட்டில் சாய்ந்து, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊர் எல்லையில் திரும்பும்போது அவளிடம் ஏதோ கேட்டார். பதில் வரவில்லை. தலை ஒருபக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காரில் அவள் கண்ணயர்ந்து அவர் பார்த்ததே இல்லை.

எவேலியோ ஹாரனிலிருந்து கையை எடுத்தார். மாதா ஏதாவது நினைப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. நினைக்கமாட்டார் என்று முடிவு செய்தார்.

பின்னால் வந்த செங்கல் லாரி, பாதை அகன்ற இடத்தில் பக்கத்தில் வந்தது. மேலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "டாக்டர், ஹாரனுக்குச் சளி பிடிச்சிருச்சா? மருந்து குடுக்கறதுதானே?" என்றார். எவேலியோ விரலால் பக்கத்து சீட்டைக் காட்டினார். டிரைவர் குனிந்து பார்த்தார். ஹாரன் கயிற்றைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது. அதே கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்னால் வருகிறவர்களுக்கு உள்ளங்கையைக் கீழே தாழ்த்திக் காட்டினார். ஜீப்காரர் ஹாரனை நிறுத்தினார். மோட்டார் சைக்கிள்காரர்கள் நிறுத்தினார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் இருப்பவர் சொன்னால் காரணம் இருக்கும் என்று நிறுத்தினார்கள். முன்னே சைரனும் பின்னே தொலைவில் ஆரவாரமுமாக இருக்க, நடுவில் ஏழெட்டு வண்டிகள் மட்டும் வாயை மூடிக்கொண்டு மலையேறின.

சதுக்கத்தில் பங்குச் சாமியார் வாளியும் கையுமாக நின்று, வண்டி வண்டியாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் கை வீச்சு எப்போதும் கொஞ்சம் தாராளம். திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தீர்த்தம் வந்து நொயேலியாவின் கன்னத்தில் விழுந்தது.

"மழையா?" என்று கண்விழித்தாள்.

"தீர்த்தம், மிஹா."

"வந்துட்டோமா? ஹாரன் சத்தமே கேக்கலையே."

"முதுகு எப்படி இருக்கு?"

நொயேலியா முதுகை ஒருதரம் நிமிர்த்தி, இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள். அதைத் தேடிப் பார்ப்பதுபோல் இருந்தது. "இருக்குங்களா என்ன?" என்றாள். பிறகு பூக்கூடையைச் சரிசெய்துகொண்டே, யோசிக்காமல், எப்போதும் கேட்பவள்போலக் கேட்டாள்:

"சனிக்கிழமை கடையை எத்தனை மணிக்குச் சாத்துவீங்க?"

எவேலியோ பதில் சொன்னார். ஆனால் அவள் விழித்துவிட்டதைக் கண்ட லாரிக்காரர் அந்த நேரம் பார்த்துக் கயிற்றை இழுத்தார். ஜீப்பும் மோட்டார் சைக்கிள்களும் சேர்ந்துகொண்டன. சதுக்கமே அதிர்ந்தது. அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு, கையை நீட்டி, அவருடைய ஹாரனையும் அழுத்தினாள்.