ஆறு விரல் இறக்கை

கோழிக்குஞ்சின் இறக்கைக்குள் மூன்று விரல்தான் உண்டு. அதை ஆறாக்கிக் காட்டுவதுதான் என் ஆய்வின் முதல் படி. வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் வசந்தகால மாநாட்டில் என் இடத்தில் சக மாணவன் ஹிராஓகா பேசுவான் என்று எங்கள் பேராசிரியர் இசோபே சென்செய் சொல்லிவிட்டார். எங்கள் செண்டாய் ஆய்வுக்கூடத்தில் சென்செய் வைத்ததுதான் சட்டம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. கருவில் இறக்கை முதலில் வெறும் மொட்டு. அதன் சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு மரபணு விழித்துக்கொண்டு, எங்கே எந்த விரல் என்று சமிக்ஞை அனுப்பும். அந்த மரபணுவுக்கு வீடியோ விளையாட்டில் ஓடும் நீல முள்ளெலியின் பெயர். சின்ன வயதில் அதை ஓடவிட்டே என் கட்டைவிரல் தேய்ந்திருக்கிறது. அந்தச் சமிக்ஞைப் புரதத்தில் ஊறிய தூசியளவு மணியை மொட்டின் கட்டைவிரல் பக்கம் வைத்தால், அங்கேயும் கண்ணாடியில் தெரிவதுபோல் இன்னொரு வரிசை விரல் முளைக்கும். உலகமே செய்து பார்த்த சோதனை. எனக்கு மட்டும் நாற்பத்தொன்பது முட்டையிலும் மூன்றே விரல். எரிச்சலில் முள்ளெலியையே சபித்தேன்.

வியாழன் காலை கடைசிப் பன்னிரண்டு முட்டையின் கருக்களுக்கு எலும்பு தெரியச் சாயமேற்றிப் பார்த்தேன். பதினொன்றில் மூன்று. ஒன்றில் ஆறு!

ஹிராஓகா எட்டிப் பார்த்தான். "இது என் டேபிள்ல பண்ணதுதானே? அன்னிக்கு முட்டையைத் திருப்ப முடியலன்னு என் ஸ்டாண்டைத் திட்டிக்கிட்டே இருந்தியே. எதுக்குத் திருப்பணும்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறவி இடக்கைக்காரி. பள்ளியில் வலக்கையால் எழுதப் பழக்கிவிட்டார்கள், அதனால் இங்கே யாருக்கும் தெரியாது. ஊசி பிடிப்பது மட்டும் இடக்கையில். அதற்கு வசதியாக முட்டையை, எதிர்முனை என் பக்கம் வரும்படி அரைவட்டம் திருப்பிக்கொள்வேன். மணியை மட்டும் சுவரில் ஒட்டிய படத்தில் உள்ளபடி இடது ஓரத்திலேயே வைப்பேன். உருப்பெருக்கியில் மொட்டைத் தவிர எதுவும் தெரியாது. ஆக, அறுபது முட்டையிலும் மணி இருந்தது சுண்டுவிரல் பக்கம். ஹிராஓகாவின் ஸ்டாண்டு மேசையோடு திருகப்பட்டது, அதனால் அந்த ஒன்றில் மட்டும் மணி சரியான பக்கம் விழுந்தது.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அந்த ஒண்ணை மட்டும் காட்டு. நான் வாயே திறக்க மாட்டேன்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாக அவனுக்குப் போகவேண்டிய இடத்தை நான் தட்டிப் பறித்ததுபோல் ஆகிவிடும். அந்த நினைப்பே கசந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் இடக்கை முதல் அறுபது முட்டை வரை ஒன்று விடாமல் சொன்னேன். கூட்டம் கமுக்கமாகச் சிரித்தது. சென்செய் மட்டும் சிரிக்கவில்லை.

"அறுபதுல ஒண்ணுலகூட விரல் கூடலையா?"

"இல்ல சென்செய்."

"சமிக்ஞை இருக்கற பக்கமே மறுபடி வெச்சா ஒண்ணும் ஆகல. இல்லாத பக்கம் வெச்சா முளைக்குது. மணியை எந்தப் பக்கம் வெச்சாலும் முளைக்குமான்னுதான் மாநாட்டுல முதல் கேள்வியே வரும். அதைச் சரிபார்க்க இந்தச் சோதனையை யாரைச் செய்யச் சொல்றதுன்னு ஆறு மாசமா யோசிச்சிட்டிருக்கேன். கேட்டா ஆளுக்கொரு சாக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரியான பக்கம் இன்னும் ஒரு டஜன் பண்ணிடு. அறுபதையும் சேர்த்து நீயே போய்ப் பேசு."

ஒரு டஜன் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். முதலில் கைதட்டியவன் ஹிராஓகா.