ஒரே மேஜையில் கசிந்த வால்வுகள்

வால்வுப் பட்டறைக்காரி அந்த வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு அவள் வார்த்துக் கொடுத்த பித்தளை வால்வுகளை மருத்துவச் சாமான் கம்பெனி மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தது. கசிகிறதாம். வார்ப்புக்காரரைக் கடிந்துகொண்டாள், லேத்தைப் பிரித்துப் பூட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. தெருவிலிருந்த மற்ற ஆறு பட்டறைகளிலும் இதே தலைவலிதான், ஆனால் யாரும் மூச்சு விடவில்லை. எதிர்ப்பட்டறை அவளுடைய சொந்தத் தம்பியுடையது. பாகம் பிரிந்து நாலு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பொறியியல் கல்லூரியின் உலோக ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் இளம் பேராசிரியை வந்தார். கல்லூரியும் பட்டறைகளும் சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் திட்டம் என்றார். இப்படி வந்து, டீ குடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களைத் தெரு நிறையவே பார்த்திருந்தது. இவரோ பதினோரு நாள் உலைப்பக்கத்திலேயே நின்றார். வார்ப்பு மணலைத் தொட்டுப் பார்த்தார், உருகும் பித்தளையின் நிறத்தைக் குறித்துக்கொண்டார், கேள்வி கேட்டுக் கேட்டு எல்லாரையும் குடைந்தெடுத்தார். வேலையாட்கள் அவருக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஏழு பட்டறைக்காரர்களையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். கசிந்த வால்வுகளை, வார்த்த தேதி எழுதிக் கொண்டுவர வேண்டும். வந்தார்கள். ஆனால் பைகள் மடியை விட்டு இறங்கவில்லை. நடுவிலிருந்த நீள மேஜை வெறுமையாகக் கிடந்தது.

பட்டறைக்காரி பேராசிரியையின் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் உலைப்பொறி பட்ட தழும்பு. நம்முடைய குப்பைக்காக ஒருத்தி இத்தனை நாள் புகை குடித்திருக்கிறாள், நமக்கு என்ன வெட்கம் என்று தோன்றியது. எழுந்துபோய்ப் பையைக் கவிழ்த்தாள்.

“எல்லாம் என்னோடதுதான். ஒண்ணு விடாம கசியுது.”

தம்பி எழுந்தான்.

“என்னோடது உன்னோடதைவிட ஜாஸ்திக்கா,” என்று சொல்லிப் பக்கத்திலேயே கொட்டினான். அப்புறம் மற்றவர்களும் கொட்டினார்கள்.

பேராசிரியை வால்வுகளைப் பட்டறைவாரியாக அல்லாமல் தேதிவாரியாக அடுக்கினார். மதியத்துக்குள் விஷயம் புலப்பட்டது. கசிந்தால் ஒரே வாரத்தில் எல்லார் வால்வும் கசிந்திருந்தது. ஒரு மாதம் மட்டும் தம்பியின் வால்வுகள் தப்பித்திருந்தன. ஏன் என்று துருவியபோது, அந்த மாதம் உருக்குவதற்கான பழைய பித்தளையை வெளியூரில் வாங்கியதாகச் சொன்னான். மற்றபடி ஏழு பேருக்கும் ஒரே கடைச் சரக்குதான். சோதித்துப் பார்த்ததில் அதில் அலுமினியம் துளி கலந்திருந்தது. கடைக்காரருக்கே அது தெரியாது.

“யார் கையிலயும் தப்பில்லக்கா,” என்றார் பேராசிரியை. “துளி அலுமினியம் போதும், வார்ப்புக்குள்ள பொடிப்பொடியா ஓட்டை விழுந்துடும். தனித்தனியா பார்த்திருந்தா நானும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.”

பட்டறைக்காரி நேராகத் தன் வார்ப்புக்காரரிடம் போய், திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாள். மனுஷர் சங்கடத்தில் நெளிந்தார்.

அதன்பின் தெருமுனையில் காலியாகக் கிடந்த கிடங்கு பொதுச் சோதனைக்கூடமானது. வாங்கும் உலோகம் அங்கே தேறிய பிறகுதான் உலைக்குப் போனது. வருடம் திரும்புவதற்குள் கல்லூரியும் பட்டறைகளும் சேர்ந்து எடை குறைந்த புது வால்வு ஒன்றை உருவாக்கின. தனி ஒரு பட்டறையால் தாங்க முடியாத பெரிய ஆர்டரை ஏழும் பங்கு போட்டுச் செய்தன. படிப்பு முடித்ததும் வெளியூருக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் இந்தத் தெருவிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். பக்கத்து ஊர் பம்பு பட்டறைக்காரர்கள் வந்து, எங்களுக்கும் இந்த மாதிரி ஒருத்தரை அனுப்புங்கள் என்று கல்லூரியில் கேட்டார்கள்.

புது வால்வின் திருகு மரையை எப்படி வெட்டுவது என்று அக்காவும் தம்பியும் சோதனைக்கூடத்தில் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். நாலு வருடப் பேச்சையும் சேர்த்துப் பேசியது போலிருந்தது. பேராசிரியை குறுக்கே வராமல், இருவர் சொன்னதையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.